சாறூற்றியின் கேள்வி

காலை ஐந்து நாற்பது. ஓடைக்கரைப்பட்டி ரேஷன் கடைச் சுவரில் பதித்திருந்த சாறூற்றி மெஷினின் முன்னால் பதினேழு பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லார் கழுத்திலும் நூல் மில்லின் அடையாள அட்டை. எல்லார் கையிலும் மதியச் சோற்று டப்பா. ஐந்து ஐம்பத்தைந்துக்கு மில் பஸ் வந்துவிடும்.

"வணக்கம் ஞானசௌந்தரி. விரலை வையுங்கள்."

ஞானசௌந்தரி வைத்தாள். ஒளிக்கண் ஒருமுறை மினுங்கியது.

"சாப்பிட்டீர்களா?"

"ஆச்சு, ஆச்சு. ஊத்து சீக்கிரம்."

சின்னக் கிண்ணத்தில் பன்னிரண்டு சொட்டு விழுந்தது. அண்ணாந்து வாயில் விட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தாள். அடுத்தவள் வந்தாள். அதே விரல், அதே கேள்வி, அதே "ஆச்சு", அதே பன்னிரண்டு.

தெருவிளக்குக் கம்பத்தில் சாய்ந்தபடி முத்தீஸ்வரி கையிலிருந்த பலகைத்திரையில் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டிருந்தாள். இந்த மெஷினைச் செய்த நிறுவனத்தின் மதுரை அலுவலகத்தில் அவள் தரவு ஆய்வாளர். பிறந்தது இந்தத் தெருவில். இங்கிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் அவள்தான். வரிசையில் கடைசியாக நின்ற பாண்டிமீனா அவளுடைய அக்கா.

சாறூற்றிக்குள் ஒரு கண்ணாடிக் கலன் இருந்தது. அதில் சிறுகுறிஞ்சான், ஆவாரை, பாகல் மூன்றின் செல்களும் வேரில்லாமல் இலையில்லாமல் பச்சைக் கூழாக வளர்ந்துகொண்டிருந்தன. ஆளுக்கு ஏற்றபடி அந்தக் கூழைப் பிழிந்து கொடுப்பதுதான் மெஷினின் வேலை. மூவிலைச் சாறு என்று பெயர். நான்கு வருடத்தில் மாநிலத்தில் சர்க்கரை நோய்க்கான ஊசியும் மாத்திரையும் ஒழிந்துபோயின. பணக்காரனுக்கும் கூலிக்காரிக்கும் ஒரே சாறு என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். அது உண்மையும்கூட.

அந்தக் கேள்விக்கும் காரணம் இருந்தது. விரலில் தெரிவது இப்போது ரத்தத்தில் ஓடும் சர்க்கரை மட்டும். ஐந்து நிமிடத்துக்கு முன் தின்ற நாலு இட்லி அதில் தெரியாது. சாறு அரை மணி நேரம் கழித்துத்தான் வேலையை ஆரம்பிக்கும். இட்லியும் அப்போதுதான் ரத்தத்துக்கு வந்து சேரும். அதனால் சாப்பிட்டவருக்குப் பன்னிரண்டு சொட்டு, சாப்பிடாதவருக்கு நாலு. பன்னிரண்டை வெறும் வயிற்றில் குடித்தால், சாறு தின்பதற்குச் சர்க்கரை இல்லாமல் ஆளையே கவிழ்த்துவிடும்.

இரண்டு மாதமாக மூன்று தாலுகாக்களில் ஆட்கள் கவிழ்ந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் பெண்கள். எல்லாமே காலை ஆறே காலிலிருந்து ஏழுக்குள். ஒன்பது பேர் செத்துவிட்டார்கள். ஒருத்தி மில்லில் ஓடுகிற மெஷினில் விழுந்து செத்தாள்.

நிறுவனம் கண்டுபிடித்த காரணம் சுலபமானது. "இரட்டைக் குடிப்பு." அதாவது, முதல் நாள் சாற்றை வாயில் அடக்கிக்கொண்டு போய் வீட்டில் துப்பி வைத்து, மறுநாள் சேர்த்துக் குடிக்கிறார்களாம். ஏன் அப்படிச் செய்வார்கள் என்று கேட்டதற்கு, படிக்காத ஜனம், மருந்து எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைக்கும் என்றார் மேலாளர் ஹேமச்சந்திரன். சந்தேகத்துக்கு ஆளானவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர்கள் விரலைச் சாறூற்றி ஏற்காமல் போகும்படி உத்தரவு தயாராக இருந்தது. பட்டியலில் முன்னூற்றுப் பன்னிரண்டாவது பெயர் பாண்டிமீனா.

சாறு வருவதற்கு முந்தைய வருடம் பாண்டிமீனாவின் வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். இன்னொரு தடவை புண் வந்தால் கணுக்காலோடு போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாறு இல்லாவிட்டால் கால் போகும். சாறு குடித்தால் உயிர் போகலாம். இன்றைக்கு வியாழக்கிழமை. முத்தீஸ்வரி லீவு போட்டுவிட்டு நேற்றே வந்துவிட்டாள்.

"வணக்கம் பாண்டிமீனா. விரலை வையுங்கள். சாப்பிட்டீர்களா?"

"ஆச்சு."

முத்தீஸ்வரி நிமிர்ந்தாள்.

நாலு மணியிலிருந்து அவள் அக்கா பக்கத்திலேயே இருந்தாள். அக்கா தண்ணீர் பிடித்தாள், சோறு வடித்தாள், மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் தோசை ஊற்றி மூடி வைத்தாள், தங்கைக்கு இரண்டு தோசையைத் தட்டில் போட்டு, தின்னாவிட்டால் விளக்குமாறு வரும் என்றாள். அக்கா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அக்கா! குடிக்காத!"

கிண்ணம் காலியாகிவிட்டது. பாண்டிமீனா புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "என்னடி? பாம்பா?"

பஸ் ஹாரன் அடித்தது.

முத்தீஸ்வரி அக்காவின் பின்னாலேயே ஓடிப்போய் ஏறினாள். "நீங்க யாரு? அட்டை எங்க?" என்று டிரைவர் கேட்டார். அவள் தன் நிறுவன அட்டையை நீட்டினாள். அதில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்ததால் அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

"டப்பாவைத் திற. சாப்பிடு."

"கிறுக்கச்சியா நீ? இது மதியத்துக்கு."

"நீ சாப்பிடலக்கா. நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன். அதுகிட்ட ஏன் ஆச்சுன்ன?"

"பின்ன என்ன சொல்ல?"

"சாப்பிடலன்னு சொல்லு."

பாண்டிமீனா சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானசௌந்தரியும் சிரித்தபடி கேட்டாள். "சொன்னா? உள்ள வாம்மா, கை கழுவிட்டு உக்காருன்னு இலை போடுமாக்கும்? கேக்குறவுகளுக்கு ஆச்சுன்னு சொல்லணும். இல்லைனு சொன்னா, போடுன்னு கேக்குறதா அர்த்தம். ரேஷன் கடைச் செவுத்துக்கிட்டப் போயி சோறு கேக்கச் சொல்றியா?"

"மதினி, அது மனுசன் இல்ல. மெஷின்."

"மெஷின்னா மட்டும்? நாலு பேரு பின்னால நிக்காளுக. காதுல விழாதா?"

முத்தீஸ்வரிக்குக் காது சூடானது. அவளுடைய அலுவலக வாசலில் காவலாளி தினமும் "சாப்ட்டியாம்மா?" என்பார். அவளும் தினமும் "ஆச்சுண்ணே" என்றுதான் சொல்லிவிட்டுப் போவாள். பாதி நாள் ஆகியிருக்காது. இந்த மெஷினின் கேள்வியை எழுதிய குழுவில் அவளும் ஒருத்தி. சோதனை நடந்தது மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். அங்கே படுத்திருந்தவர்களுக்கு ஏழரைக்கு இட்லி, எட்டு மணிக்குச் சாறு. எல்லாரும் ஆச்சு என்றார்கள். எல்லாருக்கும் ஆகியிருந்தது.

"சரி, ஏன் சாப்பிட மாட்டேங்குற? சோறு இருக்குல்ல?"

"இருக்கு. சாப்ட்டா தண்ணி குடிக்கணும். தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். பத்து மணி வரைக்கும் பாத்ரூம் கிடையாதுடி. போனா அட்டையில கோடு. மூணு கோடு விழுந்தா ஒரு நாள் சம்பளம் போச்சு. முன்னால ஏழு மணி சிப்ட்டு, இட்லி தின்னுட்டு வீட்லயே எல்லாத்தையும் முடிச்சுட்டு வருவோம். ரெண்டு மாசமா ஆறரைன்னுட்டாக."

ரெண்டு மாசமா. அலுவலகத்தில் ஆறு பேர் மூன்று வாரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தருக்கும் மில்லின் நேரம் மாறியது தெரியாது.

ஆறு இருபதுக்குப் பாண்டிமீனா பேச்சை நிறுத்தினாள். உதட்டுக்கு மேல் முத்து முத்தாக வேர்த்தது. "கண்ணு என்னமோ…" என்று சொல்லிக்கொண்டே முன் சீட்டுக் கம்பியைப் பிடிக்கப் போனாள். கை கம்பிக்கு அரை அடி தள்ளிப் போய்க் காற்றைப் பிடித்தது.

முத்தீஸ்வரி பையில் தயாராக வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து அக்காவின் வாயில் கொட்டினாள். பாண்டிமீனா தூவென்று துப்பினாள்.

"மண்ணு! மண்ண ஊட்டுறா!"

சிறுகுறிஞ்சானின் வேலை அது. நாக்கில் பட்டால் ஒரு மணி நேரத்துக்கு இனிப்பு தெரியாது. சர்க்கரை சர்க்கரையாக இருக்காது, நறநறவென்று ஆற்றுமணலாகத்தான் இருக்கும். கவிழ்ந்தவர்களுக்கு யாராவது மிட்டாய் கொடுத்திருப்பார்கள். அவர்கள் துப்பியிருப்பார்கள். அந்த ஒன்பது பேரும் எப்படிச் செத்தார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

"மதினி, தலையப் பிடிங்க. நிமித்திப் பிடிங்க. அக்கா, மண்ணுதான். முழுங்கு. எனக்காக முழுங்கு."

"மாட்டேன் போடி நாயே."

"முழுங்குடி!"

அக்காவை அவள் டி போட்டது அதுதான் முதல் தடவை. பாண்டிமீனா அந்த அதிர்ச்சியில்தான் விழுங்கினாள் என்று ஞானசௌந்தரி பிறகு ஊரெல்லாம் சொன்னாள். தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். பின் சீட்டில் இன்னொருத்தி சாய்ந்தாள். முத்தீஸ்வரி பஸ்ஸின் நடுவில் எழுந்து நின்று கத்தினாள். "எல்லாரும் டப்பாவைத் திறங்க. இப்பவே. சோத்தத் தின்னுங்க. டிரைவரண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்க."

"மேஸ்திரி என்னையத்தான் கேப்பாரு…"

"பதினேழு பொணத்த எறக்கிவிட்டா கேக்க மாட்டாரா?"

வண்டி நின்றது. கருவேலங்காட்டு ஓரத்தில் பஸ் முழுக்கப் பெண்கள் வெறும் சோற்றைப் பிசைந்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள். ருசி தெரியாத நாக்கோடு, பத்து மணி வரை எப்படித் தாங்குவது என்ற பயத்தோடு.

மறுநாள் காலை பத்து மணிக்கு முத்தீஸ்வரி ஹேமச்சந்திரனின் அறையில் நின்றாள்.

"இரட்டைக் குடிப்பு இல்ல சார். வெறும் வயிறு. நம்ம கேள்வி தப்பு."

அவர் முழுவதையும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. கேட்கத் தெரிந்தவர்தான். அதனால்தான் அவர்மேல் கோபப்படுவது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சரி. தீர்வு?"

"சாறோட ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி. மெஷினே கலக்கிக் கொடுக்கட்டும். குடிச்ச பிறகுதான் சாறு. மில் நேரத்தைப் பத்தியும் கலெக்டருக்கு நாம எழுதணும்."

"முத்தீஸ்வரி, நாம மருந்து கொடுக்கிறோம். மெஸ் நடத்தல. மில்லு நேரம் நம்ம வேலை இல்ல. வேற சொல்லுங்க. அஞ்சு மணிக்கு அந்தப் பட்டியல் போயிடும். எனக்கு ஆளுங்க விழறது நிக்கணும், அவ்வளவுதான்."

வேறு ஒன்று அவளிடம் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. சொன்னாள்.

சாராயம் குடித்துவிட்டு வருகிற ஆண்களைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு சாறூற்றியிலும் ஒரு மூச்சு முகர்வான் வைத்திருந்தார்கள். பட்டினி கிடக்கிற உடம்பு கொழுப்பை எரிக்கும்போது மூச்சில் அழுகிய பழத்தின் வாடை மெல்லியதாக வரும். மனிதர் மூக்குக்குத் தெரியாவிட்டாலும் முகர்வானுக்குத் தெரியும். அந்த வாடையையும், "ஆச்சு" என்று சொல்கிற குரலின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், சொல்வது நிஜமா என்று மெஷினே முடிவெடுக்கலாம்.

"அதாவது, அவங்க சொல்றத அது நம்பத் தேவையில்ல," என்றார் ஹேமச்சந்திரன்.

"ஆமா சார்."

"பிரமாதம்."

பதினொரு மணிக்கு உட்கார்ந்தாள். மதியம் சாப்பிடவில்லை. பசிக்கெழு என்று அந்தக் கணக்குக்குப் பெயர் வைத்தாள். மூன்றரை மணிக்கு, செத்துப்போன ஒன்பது பேரின் கடைசிக் காலையின் மூச்சுப் பதிவுகளை எடுத்து அதில் போட்டாள். கெழு ஒன்பது பேரையும் பசித்தவர்கள் என்றது. ஒன்பது பேரின் குரலும் ஆச்சு என்றுதான் சொல்லியிருந்தது. அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நாலு ஐம்பதுக்குப் பட்டியல் ரத்தானது.

திங்கட்கிழமை முதல் சாறூற்றி அதே கேள்வியைக் கேட்டது. பெண்கள் அதே பதிலைச் சொன்னார்கள். மெஷின் "நன்றி" என்று சொல்லிவிட்டு நாலு சொட்டு ஊற்றியது.

அதற்குப் பிறகு ஒருத்தியும் விழவில்லை.

ஆறு வாரம் கழித்து முத்தீஸ்வரியின் திரையில் ஒரு புதுப் பத்தி நிரம்பியிருந்தது. பசிக்கெழு தானாகவே சேர்த்து வைத்தது. இன்று காலை மூன்று தாலுகாக்களில் வெறும் வயிற்றோடு விரல் வைத்தவர்கள்: அறுபத்தோராயிரத்து இருநூற்று எட்டு. நேற்று ஐம்பத்தொன்பதாயிரம். ஊர்வாரியாக, தெருவாரியாக, பெயரோடு இருந்தது. இந்த நாட்டில் யார் எந்தக் காலையில் பசியோடு இருக்கிறார்கள் என்று இதற்கு முன் எவருக்கும் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததில்லை. தெரிந்துகொண்ட மெஷின் செய்தது ஒன்றுதான். பசி கூடக் கூடச் சொட்டைக் குறைத்தது.

ஹேமச்சந்திரனுக்குச் சந்தோஷம். சாற்றுச் செலவு பாதிக்கும் கீழே போயிருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. மாநிலத்திலேயே முதலிடம். பட்டினி கிடப்பவளுக்குச் சர்க்கரை எங்கிருந்து ஏறும்?

அந்த முதலிடம்தான் அடுத்த வினையைக் கொண்டுவந்தது. இலவசச் சத்துமாவை ஒதுக்கும் அரசுத் திட்ட அலுவலகம் தாலுகாக்களின் நலக்குறியீட்டைப் பார்த்துத்தான் மூட்டைகளைப் பிரிக்கும். இந்த மூன்று தாலுகாக்களும் இப்போது ஆரோக்கியமானவை. மூட்டைகள் வேறு மாவட்டத்துக்குத் திருப்பிவிடப்பட்டன.

முத்தீஸ்வரி அந்தப் பத்தியை அச்சடித்து எடுத்துக்கொண்டு திட்ட அலுவலர் ஜெயசிங்கைப் பார்க்கப் போனாள். ஹேமச்சந்திரனிடம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டார்.

ஜெயசிங் நாற்பது பக்கத்தையும் புரட்டினார். "இது மெஷின் சொல்றது. ஆளுங்க என்ன சொல்றாங்க?"

"சாப்ட்டோம்னு சொல்றாங்க சார்."

"அப்புறம்?"

"பொய் சார்."

"அறுபத்தோராயிரம் பேர் பொய் சொல்றாங்க, ஒரு மெஷின் உண்மை சொல்லுதுன்னு நான் ஃபைல்ல எழுதணுமா?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். "யாராவது மயங்கி விழுந்தாங்களா?"

"முன்னால விழுந்தாங்க."

"இப்ப?"

"இல்ல சார்."

"யாராவது இறந்தாங்களா?"

"இல்ல."

"பாருங்கம்மா. பசிங்கிறது ரிப்போர்ட்டுல வராது. விழுந்தா ஆஸ்பத்திரி எழுதும், செத்தா போலீஸ் எழுதும், அத வச்சு நான் மேல எழுதுவேன். விழுந்த ஒரே ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க. அன்னிக்கே மூட்டை வரும்."

அவள் படியிறங்கினாள். பசிக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு சாட்சி. பஸ்ஸிலும் மெஷினிலும் வழியிலும் விழுகிற உடம்பு. அந்த உடம்பைத்தான் அவள் சொட்டுக் கணக்காகத் தாங்கிப் பிடித்து நிமிர்த்தி நிறுத்தியிருந்தாள். நிற்கிறவளைப் பார்த்து யார் சோறு போடுவார்கள்?

விழுந்தவர் இல்லையென்றால் வாயைத் திறந்து சொல்கிறவராவது வேண்டும். அக்காவை அழைத்துவர அவள் ஊருக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. மில் கிடையாது. சாறூற்றி முன்னால் எட்டு மணிக்குத் திருவிழா மாதிரிக் கூட்டம். தூரத்தில் வரும்போதே சத்தம் கேட்டது.

"எனக்கு மூணு!"

"போ, நேத்து நீ நாலுல்ல?"

"அதான் ராத்திரியும் ஒண்ணும் தின்னலல்ல. கொறஞ்சிருச்சு பாத்தியா!"

ஞானசௌந்தரி முத்தீஸ்வரியைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா படிச்ச புள்ள. உன் மெஷினு எம்மாமியார் வாயவே மாத்திருச்சு. மேலத்தெருக்காரிக்கு ஏழு சொட்டாம், எம்மருமகளுக்கு மூணுதான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது. ஏழு வாங்குறவ மூஞ்சியப் பாக்கணுமே. திங்கிறத அடக்க முடியல கழுதைக்கு."

முத்தீஸ்வரி சுவரைப் பார்த்தாள். சாறூற்றிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மில்லின் முத்திரையோடு. இம்மாதம் குறைந்த சொட்டுத் தொழிலாளர்: பாண்டிமீனா. படம் இருந்தது.

"ஹாட்பாக்ஸு குடுத்தாக," என்றபடி பாண்டிமீனா வந்தாள். "மூணு அடுக்கு. மேனேஜரே கையில குடுத்தாரு. சோறு போட்டா சாயந்தரம் வரைக்கும் சூடு ஆறாதாம்."

"அதுல சோறு போட்டியா?"

"பத்திரமா பரண்ல வச்சிருக்கேன்."

முத்தீஸ்வரி அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். மூட்டைகள் போனது, ஜெயசிங் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னாள். "நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்க்கா. காலையில திங்க முடியல, மில்லுல பாத்ரூம் விடமாட்டேங்குறான்னு. அவ்வளவுதான்."

பாண்டிமீனாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"என்னய எதுக்குடி அசிங்கப்படுத்தப் பாக்குற?"

"அக்கா…"

"ரெண்டு விரல வெட்டிட்டு நான் நொண்டிக்கிட்டு வந்தப்ப இந்தத் தெருவே உச்சுக் கொட்டுச்சு. சீக்குக்காரின்னாளுக. இன்னிக்கு என் படம் செவுத்துல இருக்கு. இப்பப் போயி ஆபீசருகிட்ட, சாமி நாங்க சோத்துக்கில்லாதவுகன்னு கையேந்தச் சொல்றியா? எனக்குப் பசிக்கவே இல்லடி. நெசமா. வயிறு பழகிருச்சு."

"அது பழகல. சுருங்குது."

"நீதான இதச் சரி பண்ண? அந்தப் பஸ்ஸுல எனக்கு மண்ண ஊட்டி எழுப்புனவ நீதான? நல்லா இருக்கேன்டி. விட்ரு."

"பாண்டிமீனா!" வரிசையிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் முறை வந்துவிட்டது. சேலையைச் சரிசெய்துகொண்டு போனாள். கூட்டம் அவளுக்கு வழி விட்டது.

"வணக்கம் பாண்டிமீனா. விரலை வையுங்கள்."

விரலை வைத்தாள். மெஷின் வேறொன்றும் கேட்கவில்லை. போன வாரம் ஹேமச்சந்திரன் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஊக்கக்குரல் என்று ஒன்றைச் சேர்க்கச் சொல்லியிருந்தார்.

"வாழ்த்துகள் பாண்டிமீனா. இன்று உங்களுக்கு இரண்டு சொட்டு மட்டும். இதே வழியில் தொடர்ந்தால் இன்னும் நாற்பத்து மூன்று நாளில் உங்களுக்குச் சாறே தேவைப்படாது. அன்று நீங்கள் முழுக் குணம் அடைந்தவராகப் பதிவு செய்யப்படுவீர்கள்."

தெருவே கை தட்டியது. ஞானசௌந்தரி குலவையிட்டாள். யாரோ "எனக்கு எத்தன நாளுன்னு கேளு" என்று முட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

முத்தீஸ்வரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அக்காவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். தூக்க வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. எவ்வளவு கனக்கிறாள் என்று தெரியவேண்டியிருந்தது. முப்பத்து மூன்று வயதுப் பெண், இரண்டு பிள்ளை பெற்றவள், தரையிலிருந்து சட்டென்று மேலே வந்தாள். சேலைக்குள்ளே விலா எலும்புகள் ஒவ்வொன்றாகக் கையில் அகப்பட்டன.

"எறக்குடி, எல்லாரும் பாக்குறாக," என்று பாண்டிமீனா வெட்கத்தோடு சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். படித்த தங்கச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

முத்தீஸ்வரி அவளை இறக்கவில்லை. நாற்பத்து மூன்றை எண்ணிப் பார்த்தாள். பூஜ்யம் சொட்டு தேவைப்படுகிற உடம்பு எப்படி இருக்கும் என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. அதை அதற்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் கோடு கீழே இறங்குகிறது, இறங்குவது நல்லது என்பதுதான். அதை எழுதிக் கொடுத்தவள் இங்கே நின்றுகொண்டிருந்தாள், அக்காவைக் கையில் வைத்துக்கொண்டு.